பொன்னுவேலின் தீர்மானம்

சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, பொன்னுவேல் அன்றைய நாளிதழைத் திருத்தத் தொடங்குகிறார். ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே மோட்டார் காயில் கட்டும் அவருடைய கடையின் ஷட்டர் அப்போது பாதிதான் ஏறியிருக்கும். ஒற்று விடுபட்ட இடத்தில் ஒற்றுப் போடுவார். பிடிக்காத தலைப்புக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. மிகவும் பிடிக்காததென்றால் ஓரத்தில் இரண்டு வரி மறுப்பு. திருத்தி முடித்ததும் பேப்பர் பக்கத்து டீக்கடைக்குப் போகும். டீக்கடைக்காரர் எதிர்க்கட்சி. "எங்க தலைவர் அறிக்கையில இன்னைக்கு ஆறு தப்பு புடிச்சிருக்காருங்க" என்று அவரே விரித்துக் காட்டுவார்.

வயது ஐம்பத்தாறு. காவி வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், முன்கை மயிரில் சிக்கிய செம்புக் கம்பித் துணுக்குகள். கடைச் சுவரில் பாரத மாதா படம். அதற்குக் கீழே மலைச்சாமி சேர்வராயன் படம்; அதன் மாலையை வாட விடமாட்டார். லாட்ஜ், எஸ்டேட், கான்வென்ட் என்று எல்லா இடத்து மோட்டாரும் இவரிடம் வரும். கூலி எல்லோருக்கும் ஒன்றுதான். கன்னியாஸ்திரீகளுக்கு மட்டும் மதமாற்றம் பற்றிய ஒரு பிரசங்கம் இலவசம். அவர்களும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுவிட்டு மோட்டாரை எடுத்துப் போவார்கள்.

கிளியூருக்கு அப்பால் பதினெட்டு வீடுள்ள ஒரு சிற்றூரில், காப்பியும் சாமையும் விளைவித்த மலைக் குடும்பத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஒருமுறை மிளகு விற்கக் கீழே இறங்கியபோது, டீக்கடையில் இவருக்கு மட்டும் ஒட்டடை படிந்த டம்ளரைத் தள்ளிவைத்தார்கள். அதே வருஷம் யாரோ கூப்பிட்டு, சேலத்தில் நடந்த ஓர் இந்து அமைப்பின் பயிற்சி முகாமுக்குப் போனார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மில்காரர் மகன், தான் குடித்த சொம்பிலேயே இவருக்கும் தண்ணீர் கொடுத்தான். "அன்னைக்குத்தானுங்க நான் வெறும் மலைக்காரன் இல்லைனு தெரிஞ்சுது. இந்தத் தேசத்துல எனக்கும் பங்கு உண்டுன்னு தெரிஞ்சுது." அந்தத் தண்ணீருக்கு முப்பத்தேழு வருஷம் கொடி பிடித்தார். அந்த அமைப்பின் மலை ஒன்றியத் தலைவரானார்.

கோயில் பக்தர்கள் கையில் இருக்க வேண்டும், மதம் மாறுகிறவன் தாயை மாற்றுகிறான் — இவைதான் அவர் மேடைப் பேச்சின் உயிர். பேச்சோடு நின்றதில்லை. ஒருமுறை ஒரு வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்தை ஆட்களோடு போய் நிறுத்தியிருக்கிறார். உள்ளே பெண்கள் அழுதார்கள். அதைப் பற்றிக் கேட்டால், கையிலுள்ள காயிலின் சுற்றுகளை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

அவருடைய ஊரிலேயே ஆராயி என்று ஒருத்தி இருந்தாள். மகள் சசிகலா காய்ச்சலில் பிழைத்த பிறகு சர்ச்சுக்குப் போகத் தொடங்கியவள். பத்து வருஷம் அவளோடு இவருக்கு வழக்கு. வழியில் பார்த்தால், "ஏனுங்கக்கா, சேர்வராயன் உனக்கு என்ன கொறை வெச்சான்?" என்பார். "கொறை ஒண்ணுமில்ல சாமி. அவன் மலை மேல இருக்கான், ஏசு ஊட்டுக்கு வந்தாரு" என்பாள் அவள். இவருக்கு அன்று சோறு இறங்காது.

சென்ற ஐப்பசி மழையில் ஆராயி இறந்தாள். ஊர் இடுகாட்டில் புருஷன் குழிக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவளுடைய கடைசி ஆசை. மதம் மாறியவர்களுக்கு ஊர் மண்ணில் இடமில்லை என்று இரண்டு வருஷம் முன்பு ஊர் தீர்மானம் போட்டிருந்தது. எழுதியவர் பொன்னுவேல். ஒரு ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதியிருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பாடை பாதையிலேயே நனைந்துகொண்டிருந்தது. ஊர்க்கவுண்டர் மாதையன் ஒரு பக்கம், டவுனிலிருந்து வந்த பாஸ்டர் ஆசிர் ஒரு பக்கம். நடுவில் சசிகலா, அம்மாவின் முகத்துக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி. அமைப்பின் செயலாளர் தமிழ்செல்வன் செல்போனில் தீர்மானத்தின் படத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்தான்.

"தீர்மானம் சரிதானே அண்ணா?"

"சரிதான். எழுதுனது நாந்தான்."

"அப்புறம் என்னங்க?"

"எழுதறப்ப இந்தப் பொணம் எம் முன்னால கெடக்கல கண்ணு."

பொன்னுவேல் மாதையன் பக்கம் திரும்பினார்.

"அவ போன வழி தப்புன்னு பத்து வருசமா அவ மூஞ்சிக்கு நேரா சொன்னேனுங்க. அவளும் வளையல, நானும் வளையல. உசுரோட இருந்தவகிட்ட ஜெயிக்க முடியாதத பொணத்துகிட்ட ஜெயிக்கறதா? புருசன் பக்கத்துல படுக்கறதுக்கு எங்கிட்ட அனுமதி கேக்கோணுமா அவ?"

மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டார். அவ்வளவுதான் சம்மதம். பொன்னுவேலே கடப்பாரையை வாங்கி முதல் குத்துக் குத்தினார். ஆசிரிடம் மட்டும், "பாட்டு வேண்டாமுங்க. ஜெபத்தை மெதுவா முடிச்சுக்குங்க. சிலுவைக் கல்லும் நட வேண்டாம்" என்றார். ஆசிர் தலையசைத்தார். சசிகலா பிடிமண்ணை மட்டும் போட்டாள்.

மூன்றாம் வாரம் அமைப்பிலிருந்து சேலத்துக்குக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் தலைவர் பதவி தமிழ்செல்வனுக்குப் போயிற்று. வாட்ஸப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். "நான் ஆரம்பிச்ச குரூப்புங்க அது" என்று ஒரே ஒரு முறை சொன்னார். மனைவி கண்ணாயிக்கு வருத்தமில்லை. "முப்பத்தேழு வருசங்கழிச்சு இப்பத்தான் எம் மாட்டுக்கு ஒரு ஆள் தண்ணி காட்டுது" என்றாள்.

பதவி போனாலும் காலைப் பயிற்சிக்குப் போகிறார். முன்வரிசைக்குப் பதில் கடைசி வரிசையில் நிற்கிறார். தமிழ்செல்வன் கொடியேற்றும்போது இவர் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. மனம் மாறிவிட்டதா என்று கேட்ட நண்பரிடம் கோபமாகவே சொன்னார்: "எங் கொள்கையில ஒரு எழுத்து மாறலைங்க. ஆராயி பண்ணுனது தப்பு. இன்னைக்கும் தப்பு."

இந்த வைகாசியில் சேர்வராயன் திருவிழாவுக்கு மலையுச்சியில் நல்ல கூட்டம். அன்னதானச் சமையல் மட்டும் இன்னும் பொன்னுவேல் பொறுப்புதான். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு சமைப்பார். சாமிக்குப் படைக்கும் வரை உப்புக்கூடப் பார்க்கவிட மாட்டார். ஆவி மூக்கில் படுகிற தூரத்தில் யாராவது நின்றாலே திட்டு விழும். பொங்கல் இறக்கியாயிற்று. இரண்டு பேர் அண்டாவைச் சாமி இருக்கும் குகைக்குத் தூக்கத் தயாராக நின்றார்கள்.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் சசிகலா விடிந்ததிலிருந்து வேகவைத்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். பசித்தாலும் பந்திக்கு வர மாட்டாள். சாமிக்குப் படைத்ததை அவர்கள் சபையில் சாப்பிடுவதில்லை.

பொன்னுவேல் அண்டாவின் மூடியைத் திறந்தார். கரண்டியை விட்டு நடுவிலிருந்து ஒரு கரண்டிப் பொங்கலை எடுத்து இலையில் வைத்து மடித்தார்.

"அண்ணா, சாமிக்கு இன்னும் காட்டலைங்க" என்றான் தமிழ்செல்வன்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கடலைக் கூடைக்குப் பக்கத்தில் இலையை வைத்தார். வாய்க்கட்டை ஒரு விரலால் கீழே இறக்கி, "இன்னும் படைக்கல கண்ணு. தைரியமா சாப்புடு" என்றார்.

திரும்பி வந்து கையைக் கழுவினார். அண்டாவின் ஒரு காதைத் தானே பிடித்துத் தூக்கிக்கொண்டு, குகை வாசலில் தலையைக் குனிந்து உள்ளே போனார்.