குண்டு மெஷினில் நான் கண்ட குறைகள்

எனக்குச் சீட்டு விழுந்த மாதம், எங்கள் வீட்டில் இரண்டு மெஷின்களைப் பற்றித்தான் ஓயாத பேச்சு. நான் கேட்டது தையல் மெஷின். என் வீட்டுக்காரர் கேட்டது குண்டு மெஷின். நுவரெலியாவில் ஒரு வெள்ளைக்காரர் விடுதியை மூடிவிட்டுச் சீமைக்குப் போய்விட்டாராம், துரைமார் விளையாடிய மெஷின் ஒன்று அங்கே சும்மா கிடக்கிறதாம். பின்பால் என்று அதற்குப் பெயர். காசு போட்டால் இரும்புக் குண்டு ஓடும், விளக்கு எரியும், மணி அடிக்கும். லிந்துலைக் கடைத்தெருவில் தாம் நடத்திய தேத்தண்ணிக் கடையில் அதை வைத்தால், தோட்டத்து இளவட்டங்கள் எல்லாம் நம் கடையிலேயே விழுந்து கிடப்பார்கள் என்றார்.

எனக்கோ அதே கடையின் மூலையில் தையல் மெஷினைப் போட்டு, தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டு, தேயிலைக் கொழுந்துக் கூடையை ஒரேயடியாக இறக்கி வைக்க வேண்டும். மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறி இறங்கி அலுத்துப்போயிருந்தேன். சீட்டுப் பணத்துக்கு ஒரு மெஷின்தான் வரும்.

"வா புள்ள, நீயும் வந்து பாரு" என்று அவர் கூப்பிட்டபோது, சரி, மனுஷன் என் பேச்சுக்கும் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று பஸ் ஏறினேன். நாங்கள் பறித்த கொழுந்தைக் கணக்கப்பிள்ளை தினமும் கொட்டிக் கிளறுவார். ஒரு முத்தல் இலை அகப்பட்டால் போதும், கொலை செய்துவிட்ட மாதிரி கத்துவார். அந்த மெஷினை நானும் அப்படித்தான் கிளறுவது என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டு போனேன்.

விடுதியின் பின்பக்கத்து அறையில் அது நின்றது. நான்கு கால், கண்ணாடி மூடிய சரிவான பெட்டி, தலைமாட்டில் நீச்சல் உடையில் ஒரு வெள்ளைக்காரியின் படம். அவள் முகம் பாதி உரிந்திருந்தது. விடுதியில் பட்லராக இருந்தவர்தான் விற்கிற ஆள். துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "நல்ல சாமான் தங்கச்சி. தொரமாரு இத விட்டு நகர மாட்டாங்க" என்றார்.

நான் குனிந்து அடியில் பார்த்தேன். பலகை ஊறி உப்பியிருந்தது. எலிப்புழுக்கை குவிந்து கிடந்தது.

"வயர எலி கடிச்சிருக்குங்க."

"எலி எங்கதான் புள்ள இல்ல?" என்றார் என் வீட்டுக்காரர்.

பட்லர் சுவிட்சைப் போட்டு, ஒரு தகர டப்பாவிலிருந்து காசு எடுத்து உள்ளே தள்ளினார். பாதி விளக்குகள் எரிந்தன. கைப்பிடியை இழுத்து விட்டதும் குண்டு மேலே ஏறி, அங்கங்கே முட்டி மோதிக்கொண்டு இறங்கியது. அது கீழே விழாமல் தட்டிவிட இரண்டு சின்னத் துடுப்புகள் இருந்தன, பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் அடிக்கும். இடது துடுப்பு அடித்தது. வலது துடுப்பு வாதம் வந்த கை மாதிரி லேசாக அசைந்து படுத்துக்கொண்டது.

"ஒரு பக்கம் செத்துக் கெடக்கு."

"எண்ணெ விட்டா சரியாயிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

ரப்பர் வளையங்கள் தொட்டதும் உதிர்ந்தன. சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்றார் பட்லர். நான் எதைக் காட்டினாலும் இருவரும் மாற்றி மாற்றிக் கைவைத்தியம் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினேன். துடுப்பு, மணி எல்லாம் ஓய்ந்து மெஷின் அப்படியே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா!"

"அது கோளாறு இல்ல தங்கச்சி. ஆட்டுனா நின்னுரும். அப்பிடித்தான் செஞ்சிருக்கான்."

"எங்க தோட்டத்துப் பயலுக ஆட்டாம வெளயாடுவானுங்களா?"

அப்போதுதான் காசு போடும் துளையைக் கவனித்தேன். வட்டமான சின்னத் துளை. நம் ஐந்து சதமோ சதுரம், பத்து சதத்துக்கு ஓரமெல்லாம் நெளிவு. இரண்டையும் வைத்துப் பார்த்தேன், இரண்டும் நுழையவில்லை.

"அமெரிக்காக் காசுதான் போகும். டப்பாவோட தந்துர்றேன், ஆளுக்கு மாத்திக் குடுங்க" என்றார் பட்லர்.

"ஆளுக்கு ரெண்டு காச மடியில கட்டிக்கிட்டுப் போயிருவானுங்க. அப்புறம் எதப் போட்டு வெளயாடுறது?" என்று என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "இவ்வளவு சொல்றேனே, காதுல விழுதா இல்லையா?"

"விழுது புள்ள. போன ஞாயித்துக்கெழமையே வந்து பேசி முடிச்சிட்டேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் என்னத்துக்கு என்னக் கூட்டியாந்தீங்க?"

அவர் பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தார். அதன்மேல் என் சீட்டுப் பணத்தை வைத்து என்னிடம் நீட்டினார். "ஒன் கையால குடுக்கணும். நீ பத்த வச்ச அடுப்புதான் கடையில இன்னக்கி வரைக்கும் நல்லா எரியுது. கைராசிக்காரி நீ."

எங்கள் ஆட்களிடம் இந்த வழக்கம் உண்டு. புதுத் தொழிலுக்கு முதல் பணம் ராசியான கையால் போக வேண்டும், கொடுப்பவர் மனசு நிறைந்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான் நான் வேண்டியிருந்திருக்கிறேன். காலையிலிருந்து நான் குனிந்து, நிமிர்ந்து, கத்தித் தீர்த்ததெல்லாம் வீண். என் கண் அவருக்குத் தேவைப்படவில்லை, வாய் தேவைப்படவில்லை, கை மட்டும் போதும்.

வெற்றிலையைத் தட்டிவிட்டு நடந்துவிடலாமா என்று இருந்தது. பட்லர் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றார். "மனசார குடு புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தைக்கே அவரை நாலு கேட்டிருக்கலாம்.

ஆனால் பணம் எப்படியும் போகத்தான் போகிறது. அந்த மெஷின் ஓடாமல் படுத்துவிட்டால் எனக்குத் தையல் மெஷின் இந்த ஜென்மத்தில் கிடையாது. நான் அடியோடு வெறுத்த அந்த உளுத்துப்போன பெட்டி நன்றாக ஓட வேண்டும் என்று முருகனை உண்மையாகவே வேண்டிக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு கையாலும் கொடுத்தேன். கண்ணைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார், எனக்கும் மெஷின் பிடித்துவிட்டது என்று.