அம்மா எடுக்காத பவளம்

கடலுக்குள் இருக்கும்வரை பவளத்துக்கு நாற்றம் கிடையாது. வெளியே எடுத்து ஒரு ராத்திரி வைத்தால் போதும்… செத்த மீனும் சேறும் கலந்த மாதிரி ஒரு கவுச்சி அடிக்கும். அந்தமான் என்றதும் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது அதுதான்.

அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. அதற்குள் ஏதோ ஒரு சின்னப் பேச்சுக்காக அவள் புருஷன், என் பாவா, அவளைப் பெட்டியோடு திருத்தணியில் எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மாதக்கணக்கில் இருந்தாள். எங்கள் அப்பா, நைனா, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி, கெஞ்சி, மறுபடி சேர்த்துவைத்தார்.

அந்தச் சமாதானத்துக்காகப் போட்ட டூர்தான் இது. மாமனார், மாமியார், மச்சான் எல்லோரையும் தானே விமானத்தில் அழைத்துப்போவதாகப் பாவா ஊரெல்லாம் சொன்னார். மத்திய அரசு ஊழியர், சொன்னால் நம்புவார்கள். எங்கள் டிக்கெட்டை எடுத்தது நைனா. கரும்பு வெட்டி வந்த காசில்.

போர்ட் பிளேரிலிருந்து படகில் போகிற ஒரு தீவு. கரையில் இறங்கியதும் புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டி மாதிரி வந்து கையை முகர்ந்தன. ஒரு மயில் குறுக்கே நடந்து போனது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதைக் கும்பிட்டாள்.

"மலையில உன்ன பாக்கவே முடியல. இங்க வந்து உலாத்திகினு இருக்கியா?"

நைனா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கடலடி தெரிய அடியில் கண்ணாடி வைத்த படகுக்காகக் காத்திருந்தபோது, யாரோ ஒரு பயணியிடம் கேமராவைக் கொடுத்து ஐந்து பேரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் கைடு வந்தார். எதையும் தொடக்கூடாது, கிடக்கிற சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அம்மாவின் கையில் மணலில் பொறுக்கிய ஒரு சோழி இருந்தது. உடனே திரும்பி நடந்தாள். எங்கே எடுத்தோம் என்று குனிந்து குனிந்து தேடி, அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

படகில் அவள் நிமிரவே இல்லை. மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பவளம், மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட இன்னொன்று, நடுவில் நீலமும் பச்சையுமாக மீன்கள், ஒரு ஆமை… "உள்ள ஒரு ஊரே இருக்குதுடா" என்று மட்டும் சொன்னாள்.

பாவா முகமூடி மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். திரும்பி வந்தபோது லுங்கியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டுக்கே போய், கையால் தடவிப் பார்த்து, மாப்பிள்ளைக்கென்று நைனா வாங்கியது. நனைந்துவிட்டது போலும் என்று நினைத்தோம்.

மறுநாள் காலை அறையிலேயே கவுச்சி அடித்தது. கடலோர ஊர் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

விமான நிலையத்தில் அம்மாவின் பையைத் தனியே எடுத்து வைத்தார்கள். ஜிப்பைத் திறந்ததும் பின்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பருப்புப்பொடி டப்பா, விபூதிப் பொட்டலம், உள்பாவாடை… ஒவ்வொன்றாக மேஜைமேல் வந்தது. கடைசியில் அந்தப் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. அதற்குள் உடைத்து எடுத்த ஒரு பவளக் கிளை.

அது யாருடைய லுங்கி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

யார் எடுத்தது என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். பாவா குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அரசு ஊழியர்மேல் கேஸ் என்றால் வேலைக்கே ஆபத்து. வேலை போனால் பழி யார்மேல் விழும், பெட்டி மறுபடி யார் வாசலுக்கு வரும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான்தான் எடுத்தேன்னு சொல்லுடா" என்றாள் அம்மா. "முருகனுக்குப் பவளம் சாத்தலாம்னு எடுத்துகினேன். தப்புன்னு தெரியாதுன்னு சொல்லு."

சொன்னேன். இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். கல்லூரி முடித்துவிட்டு வந்த எனக்கு அந்த ஆங்கிலத்தால் கிடைத்த முதல் வேலை, பெற்றவளைத் திருடி என்று எடுத்துச் சொல்வது.

அப்போதுதான் பாவா நிமிர்ந்து முன்னால் வந்தார்.

"வில்லேஜ் பீப்பிள் சார். நோ எஜுகேஷன்."

அதிகாரி பவளத்தை எடுத்துக்கொண்டு, எச்சரித்து விட்டுவிட்டார். அம்மா அவரைக் கும்பிட்டாள். மயிலைக் கும்பிட்ட அதே மாதிரி. நைனா லுங்கியை உதறி, மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டார். விமானத்தில் பாவா மட்டும் தூங்கினார்.

அந்த போட்டோவைக் கழுவி வாங்க அப்போது எத்தனையோ நாள் காத்திருந்தோம். இப்போது எல்லாம் நொடியில்… போன வாரம் பாவா அதை போனில் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கீழே, "எங்க அத்தை பவளம் கடத்தின ட்ரிப்". எந்த விசேஷமானாலும் பந்தியில் அவர் சொல்லும் கதைதான். சொல்லும்போது அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அக்கா பையன் "பாட்டி டான்" என்று எழுதினான். வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

நைனா இப்போது இல்லை. நான் அந்த லுங்கியைப் பற்றி நீளமாக எழுதி, அனுப்பும்முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"உங்க அக்கா பாப்பாளா அதுல?"

"ஆங். எல்லாரும் பாப்பாங்க."

"அவ பையன்?"

"அவனும்தான்."

"அப்போ அழிச்சிடு."

பிறகு படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். கடலைப் பார்க்கவில்லை, மானைப் பார்க்கவில்லை. படத்தில் மூடியிருந்த தன் வலது கையின்மேல் விரலை வைத்தாள்.

"இதுலதான்டா அந்த சோழி இருக்குது. இன்னும் திருப்பி வெக்கல."

அந்தக் குரூப்பில் இருப்பவர்கள் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

குரூப்பில் அக்கா கேட்டிருந்தாள்: "தம்பி பாத்துட்டியா? ஒண்ணுமே சொல்லல?"

லுங்கியைப் பற்றி எழுதியதை அழித்தேன். நானும் ஒரு சிரிக்கிற பொம்மை போட்டேன்.