விமானம் போகட்டும், சொல்றேன்

ஓடுபாதை முடிகிற இடத்தில் வேலி. வேலி முடிகிற இடத்தில் கண்டக்டரக்காவின் தெரு. தெரு முடிந்தால் கடல். மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம், மாடியில் காயும் துணிகளை வாரிக்கொண்டு போய்விடும்போலத் தாழ்வாக ஏறும். அந்த இருபது விநாடியும் தெருவில் ஒருவரும் பேச மாட்டார்கள். சுட்டுவிரலைத் தூக்கிக்கொண்டு, வாயை மூடி நிற்பார்கள். சத்தம் கடல்பக்கம் போனதும், விட்ட எழுத்திலிருந்து தொடர்வார்கள்.

சண்டைக்கும் அதே சட்டம்தான். பாதித் திட்டை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வானத்தைப் பார்ப்பார்கள். இந்தத் தெருப் பெண் ஒருத்தி, கல்யாணப் பதிவு அலுவலகத்தில் "சம்மதமா?" என்று கேட்டபோது மேலே விமானம் போக, விரலைத் தூக்கிவிட்டாள். வெளியூர் மாப்பிள்ளைக்குச் சட்டை முழுக்க வேர்த்து நனைந்துவிட்டது.

கண்டக்டரக்கா பதினெட்டு வருடமாகக் கடற்கரைக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே ஓடும் பேருந்தில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். கடைசி இருக்கையில் தூங்குகிறவன்கூட அவள் குரல் கேட்டுச் சரியான நிறுத்தத்தில் இறங்குவான். குரல் அப்படியே இருந்தது. முழங்கால்தான் கையை விரித்துவிட்டது. இனி உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பேருந்து அலுவலகத்தில் காலி நாற்காலி ஒன்றும் இல்லை. மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றிருந்தபோது, விமான நிலையத்தில் அறிவிப்பு வாசிக்க ஆள் எடுப்பதாக நாத்தனார் செய்தி கொண்டுவந்தாள். அங்கே தரை துடைக்கும் பிரிவில் அவள் மேற்பார்வையாளர்.

"போங்க அண்ணி. எங்க அண்ணனைப் பார்த்துக் கத்துற குரலுக்குச் சம்பளம் வருதுன்னா கசக்குதா?"

"உங்க அண்ணன் காதுல விழுந்திருந்தா நான் ஏன் கத்தப்போறேன்?"

அண்ணன்காரன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொண்டான்.

தேர்வு நடந்தது ஒலிப்பதிவு அறையில். சுவரெல்லாம் பஞ்சு. ஒரு பக்கம் மட்டும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல், அதற்கப்பால் ஓடுபாதை. ஓர் ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதி. எதிரே மூக்குக்கண்ணாடி போட்ட பெண் அதிகாரி. மூலையில் கருவிகளோடு ஒலிப்பதிவாளர், நரைத்த மனிதர்.

"பயணிகளின் கனிவான கவன..."

ஜன்னலில் ஒரு விமானம் மூக்கைத் தூக்கியது. சத்தம் துளியும் இல்லை. ஆனால் அவள் வாய் மூடிக்கொண்டது, விரல் எழுந்தது. விமானம் மறைந்ததும், "...த்திற்கு. பதினான்காம் வாயிலில்..." என்று போனாள்.

"மறந்துட்டீங்களா? பேப்பர் கையிலதானே இருக்கு?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க. விமானம் போச்சு."

"இங்கதான் சத்தமே வராதே!"

"வராதுன்னு எனக்குத் தெரியுதுங்க. என் வாய்க்குத் தெரியலையே."

நாற்காலியைத் திருப்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நன்றாகத்தான் போனது. நடுவில் அதிகாரியின் மூக்குக்கண்ணாடியில் ஒரு குட்டி விமானம் ஏறியது. அவ்வளவுதான், விரல் மேலே. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபிறகுதான், காகிதத்தைப் பார்க்க முடியாது என்பது உறைத்தது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா. சொல்லி அனுப்பறோம்."

அதன் பொருள் அவளுக்குத் தெரியாதா? பதினெட்டு வருடமாக, "பின்னாடி வர்ற வண்டி காலியா வருது" என்று எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பாள்! முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு நிமிஷம், மேடம்" என்றார் ஒலிப்பதிவாளர். திரையில் முதல் பதிவைத் தேடி, நடுவிலிருந்த வெற்றிடத்தை வெட்டி எறிந்துவிட்டு ஓடவிட்டார். பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எங்கே நின்றாள் என்று தெரியவில்லை. மறுபடி போட்டார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை; மூச்சுகூட இடறவில்லை.

"இருபது வருஷமா வெட்டி ஒட்டறேன். எங்கேயாவது ஒட்டுத் தெரியும். இதுல எனக்கே தெரியல. இவங்க வாசிச்சா, நாளைக்கு வாயில் எண் மாறினாலும் எண்ணை மட்டும் வாங்கி நடுவுல சேர்த்துக்கலாம். முழுசா வாசிக்கவேண்டியதில்லை."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எப்படிம்மா இது?"

"எங்க தெருவுல வார்த்தையைக் கீழே வைக்க மாட்டோம் மேடம். கையிலயே பிடிச்சிட்டு நிப்போம்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒலிப்பதிவாளரிடம், "திங்கட்கிழமைக்குள்ள அந்த ஜன்னலுக்கு ஒரு திரை போடச் சொல்லுங்க" என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "ஒன்பது மணிக்கு வந்துடுங்க. நாற்காலி நல்லதா வேணுமா?"

"சக்கரம் இல்லாததா இருந்தாப் போதுங்க. நான் ஓடுற வண்டியில நின்னது போதும்."

வீட்டு வாசலில் கணவனும் நாத்தனாரும் காத்திருந்தார்கள். செய்தித்தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

"என்ன அண்ணி ஆச்சு? சொல்லுங்க!"

"அந்த வேலை..." என்று ஆரம்பித்தாள்.

வேலிக்கு அப்பால் உறுமல் கிளம்பியது. கண்டக்டரக்கா விரலைத் தூக்கினாள். இருப்பதிலேயே பெரிய விமானம், அவசரமே இல்லாமல் ஏறியது. கணவன் அவள் முகத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். நாத்தனார் நகத்தைக் கடித்தாள். இருபது விநாடியும் கண்டக்டரக்கா முகத்தை மரம்போல வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு விமானம் மெதுவாகப் போகட்டும் என்று அவள் நினைத்தது அன்றைக்குத்தான்.

சத்தம் கடலைத் தொட்டது.

"...எனக்குத்தான்" என்றாள்.