கிடாவா அண்ணியின் பெரிய பொந்து

எங்கள் கிடாவா அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணன் படகோடு கடலில் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பையன்களை வளர்த்தது, வீட்டுக்குத் தகரம் போட்டது எல்லாம் ஒரு இரும்புக் கம்பியால்தான். கடல் வற்றும்போது பாறைத்திட்டில் நடந்து, பொந்தில் பதுங்கும் எட்டுக்கால் பேய்க்கணவாயைக் குத்தி இழுப்பது எங்கள் உங்குஜாத் தீவின் கிழக்குக் கரையில் பெண்கள் பிழைப்பு.

ஒவ்வொருத்திக்கும் சொந்தப் பொந்துகள் உண்டு. அடுத்தவள் பொந்தில் கம்பியை விட்டவளைக் கல்யாண வீட்டில்கூட முகம் கொடுத்துப் பார்க்க மாட்டோம். ஆனால் உரியவள் குனிந்து பார்த்துவிட்டுக் குத்தாமல் நகர்ந்தால் போச்சு. பின்னால் வருகிறவள் அதில் பிடித்துவிட்டால் பொந்து அவளுக்கே.

அதனால் பார்வைதான் எல்லாம். விரல் நீளத்தில் ஒரு பொந்து மீன் உண்டு, கண்ணுக்கு மேலே இரண்டு முடிக்கொத்தோடு. தலையை மட்டும் நீட்டி வாசலில் உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் உள்ளே கணவாய் இல்லை. பாழாய்ப்போன கணவாயும் பதுங்கும்போது அதே மாதிரிக் கொம்பு தூக்கும். மீனுக்கு உருண்டைக் கண், கணவாய்க்குக் கண்ணில் ஒரு குறுக்குக் கோடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணியின் கண்ணில் போன வருஷமே பால் மாதிரி வெள்ளை படர்ந்து பார்வை மங்க ஆரம்பித்துவிட்டது. என்னைத் தவிர வெளியே யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் மகன்கள் கடலுக்கு விடமாட்டார்கள். மருமகள் போடும் மரவள்ளிக்கிழங்குக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குச் சாவதே மேல் என்பாள்.

அன்று காலை என்னோடு வந்தவள் அவளுடைய பெரிய பொந்தில் குனிந்தாள்.

"அட, பொந்து மீன்டி. முழிக்கிறதைப் பாரு! வா, போலாம்."

நான் எட்டிப் பார்த்தேன். ஐயோ, கண்ணில் கோடு.

"அண்ணி, இன்னொரு தடவை நல்லாப் பாருங்களேன்."

"ஏண்டி, நீ மூக்கொழுகிட்டுத் திரிஞ்சப்பவே நான் இதுல கம்பி விட்டவ. எனக்கே சொல்லித் தர்றியா?"

போய்விட்டாள். நான் குத்தினால் அவள் பொந்து என்னுடையதாகிவிடும். கண் போச்சு என்று கத்தினால் எங்களுக்குப் பின்னால் வரும் சின்னப் பெண் பஹாத்தியின் காதில் விழும். என்ன செய்ய? பொந்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"அத்தை பாத்துட்டுப் போயிட்டாங்கல்ல? நகரு அக்கா, தண்ணி ஏறுது" என்றாள் பஹாத்தி. நகர்ந்தேன்.

கம்பியை விட்டதும் அவள் போட்ட கூச்சலில் திட்டிலிருந்த பெண்களெல்லாம் ஓடிவந்தார்கள். கணவாய் அவள் முழங்கைவரை சுற்றியிருந்தது.

"யாரு பொந்துடி?"

"கிடாவா அத்தை வேணாம்னு விட்டது!"

அண்ணி திரும்பவில்லை. நான் பக்கத்தில் போனதும், "பெருசாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பெருசுதான் அண்ணி."

விறுவிறுவென்று அடுத்த பொந்துக்குப் போனாள். குனிந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் சுற்றி நின்றுவிட்டார்கள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை ஓங்கிச் செருகினாள். நுனியில் துடித்துக்கொண்டு வந்தது பொந்து மீன். அது என்னவென்று விரலால் தடவித்தான் தெரிந்துகொண்டாள்.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

பஹாத்தி கணவாயைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

"அத்தை, என் கையைப் பிடிச்சுக்குங்க. மெதுவாக் கரைக்குப் போலாம்."

அண்ணி கையைக் கொடுத்தாள்.