மலைக்கு எட்டிய முகூர்த்தம்

மணமகள் அறைக்குள்ளிருந்து விம்மல் கேட்டது. மேடையோரம் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்த ஜெயசுதாவின் கை அப்படியே நின்றது.

“மலைக்கு அட்சதை குடுத்தனுப்பி இன்னா பிரயோசனம்? அப்பாவுக்கு இன்னைக்கும் அந்த வட்டந்தான் சுத்திக்கினு இருக்கும்!” என்று உள்ளே அழுதவள் மணப்பெண் கலையரசி.

தையல் மிஷினை விற்றுக் கேமரா வாங்கியவள் ஜெயசுதா. கள்ளக்குறிச்சிக் கல்யாணங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டுவதே பிழைப்பு. கலையரசியின் நிச்சயதார்த்தத்தையும் அவள்தான் காட்டினாள். படம் மங்கினால் கௌரவக் குறைச்சல் என்று மாப்பிள்ளையின் மாமன் வெங்கடேசன் பிடிவாதம் பிடித்ததால், பளிச்சென்ற உயர்தரப் படத்தை மட்டுமே அனுப்பினாள். கல்வராயன் மலையின் மெலிந்த சிக்னல் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. இடுப்பொடிந்து வெள்ளிமலைப் பக்கத்து ஊரில் படுத்திருந்த கலையரசியின் தகப்பன் மாயவன், மோதிரம் மாற்றிய நேரத்தில் போனில் சுழலும் வட்டத்தைத்தான் பார்த்தார்.

“இன்னாம்மா, ஹெச்.டி.தானே? சிங்கப்பூர்ல எங்காளுங்க பாக்கறாங்க” என்று வந்து நின்றார் வெங்கடேசன்.

“அங்க பளிச்சுனுதான் போவும்ண்ணா. ஒரே கல்யாணத்த நாலு தரத்துல, சின்னச் சின்னத் துண்டா அனுப்பறேன். சிக்னலுக்கு ஏத்த துண்ட போனே எடுத்துக்கும். சிக்னல் கம்மியானா படம் மங்கும். ஆனா நிக்காது.”

“மலையில கலங்கலா தெரிஞ்சா?”

“பெத்தவருங்கண்ணா. கலங்கலா இருந்தா பொண்ணத் தெரியாதா?”

வெங்கடேசன் மேடைப் பக்கம் நகர்ந்தார்.

கெட்டிமேளம் முழங்கியது. மூன்று முடிச்சும் விழுந்தது. மண்டபமே அட்சதை தூவியது. ஜெயசுதா மட்டும் அசையவில்லை. இந்தக் காட்சி மலைக்குப் போய்ச்சேர அரை நிமிடமாகும். அவளுக்கோ அது ஒரு யுகம்! மடிக்கணினியில் பார்த்தாள். மலைமேல் இருந்த போன் கடைசித் தரத்துக்கு இறங்கியது. இறங்கினாலும் ஒரு துண்டைக்கூட விடாமல் வாங்கிக்கொண்டே இருந்தது.

இருந்தாலும் மாயவன் பார்த்தாரா?

மறுநாள் காலை, மாயவனைக் கவனித்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா செல்லியம்மாள், இடுப்பில் பலாப்பழத்தோடு கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஜெயசுதாவின் கதவைத் தட்டினாள்.

“மொகம் மங்கலாத்தான் இருந்துச்சு தாயீ. ஆனா நிக்கவேயில்ல. மூணாவது முடிச்சுக்கு, ‘எம்பொண்ணு சிரிக்கறா அக்கா’ன்னு சொல்லிக்கினே தம்பி அட்சதைய போன் மேல போட்டான். அந்த அரிசிய இன்னும் தொடைக்க வுடல, பாத்துக்க!”

“உக்காருங்கம்மா, டீ போடறேன்.”

“வேணாந்தாயீ, பஸ்ஸு போயிடும்.”

செல்லியம்மாள் தெருமுனை திரும்பும்வரை ஜெயசுதா வாசலிலேயே நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு கூவியது. பொங்கிய கண்ணீரை முந்தானையில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.