ஓடைக் கணக்கும் சால்மன் கட்லட்டும்

மின்நிலையம் வந்தால் எனக்கு வேலை. வராவிட்டால் மீன்களுக்கு வாழ்வு. தொண்ணூறுகளின் நடுவில், ஒக்லாந்தின் மாசி என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் நிலைமை இதுதான்.

இலங்கையில் நான் அனல்மின் நிலையப் பொறியியலாளன். ஒக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கிப் பகுதிக் களஞ்சியமொன்றில் பெயின்ட் வாளிகளுக்கு லேபல் ஒட்டுபவன். அனுப்பிய விண்ணப்பங்களுக்கெல்லாம் உள்ளூர் அனுபவம் இல்லை என்று ஒரே பதில். அந்த நேரத்தில்தான் ஓடைக்கரையில் எரிவாயு மின்நிலையம் கட்ட ஒரு கம்பனி வந்தது. அங்கும் விண்ணப்பித்தேன். அதன் தலைமைப் பொறியியலாளர் தொலைபேசியில் அழைத்து, கவுன்சில் அனுமதி கிடைத்தால் உங்களோடு கதைக்கிறோம் என்றார். அன்றிலிருந்து லேபல்களைக் கொஞ்சம் அலட்சியமாகத்தான் ஒட்டினேன்.

என் மனைவியும் பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியையும் சனிக்கிழமைகளில் ஓடைக்கரையில் நடப்பார்கள். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கரைப்புல்லை விலக்கிக் காட்டினார்கள். அடியில் கடுகைப்போல முட்டைகள். கடலின் பெரிய பெருக்கில் ஓடைத் தண்ணீர் புல்வரை ஏறும்போது மீன் வந்து முட்டையிட்டுப் போகுமாம். அடுத்த பெரிய பெருக்கு வரும்வரை முட்டை புல்லுக்குள் காத்திருக்குமாம். பொரித்த குஞ்சுகள் கடலுக்குப் போய், வசந்தத்தில் நெத்தலி அளவில் ஓடைக்குத் திரும்பி வருமாம். "நல்லாப் பொரிக்கலாம் போல" என்றேன். ஆசிரியைக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

கம்பனி ஓடைத் தண்ணீரை எடுத்து இயந்திரங்களைக் குளிரவைத்து, சூடான தண்ணீரைத் திரும்ப ஓடைக்குள் விடப்போகிறது. எவ்வளவு சூடாகும் என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. பாதியில் கிடக்கும் கணக்கைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. நூலகத்தில் கம்பனியின் அறிக்கையைப் பிரதியெடுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குசினி மேசையில் கணக்குப் போட்டேன். அவர்கள் மாரிகாலத்து நீரோட்டத்தை வைத்துக் கணக்கை முடித்திருந்தார்கள். கோடையில் அந்த ஓடையில் வாத்துகூட நடந்துதான் போகவேண்டும். அவ்வளவு தண்ணீருக்குள் கொதிநீரை விட்டால் ஓடையல்ல, மீன்சொதி.

எனக்கு ஆத்திரம் வந்தது. மீன்மேல், ஆசிரியைமேல், எல்லாவற்றையும்விட அந்தக் கணக்கைப் போட்டவன்மேல். அவன் ஒழுங்காகப் போட்டிருந்தால் நான் நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பேன்.

மனைவி தாளையும் என் முகத்தையும் பார்த்தாள். "வேலைதான் முக்கியமப்பா. நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அதுதான் வினையாயிற்று. அவள் சண்டை பிடித்திருந்தால் நானும் சண்டை பிடித்துவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பேன்.

அங்கே இப்படியான திட்டங்களுக்கு யாரும் ஆட்சேபம் எழுதலாம், விசாரணைக்கு வந்து பேசவும் செய்யலாம். எழுதினேன். விசாரணை நாளில் மனைவி ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியோடு காரில் ஏறினாள். கல்யாணமோ வழக்கோ, எங்கள் வீட்டிலிருந்து யாரும் வெறுங்கையோடு போவதில்லை. தேநீர் இடைவேளையில் மூடியைத் திறந்து எல்லோருக்கும் கட்லட் நீட்டினாள். விசாரணைத் தலைவர் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டார்.

"சால்மன்" என்றாள் பெருமையாக.

கம்பனியின் வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே, காலையில் மீனைக் காப்பாற்றிவிட்டுத் தேநீருக்குப் பொரிக்கிறீர்களா என்று கேட்டார். எனக்கு மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அது டின்னுக்குள்ள முடிஞ்சுபோன மீன். நான் இனிப் பிறக்கப்போற மீனுக்காக வந்திருக்கிறன்" என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் இரண்டாவது கட்லட்டை எடுத்தார்.

என் முறை வந்ததும் தலைவர் என் தொழிலைக் கேட்டார். எதிரே கம்பனியின் தலைமைப் பொறியியலாளர் இருந்தார். என் பெயரைக் கேட்டதுமே அவர் நிமிர்ந்து பார்த்திருந்தார். பொறியியலாளன் என்றேன். அந்த நாட்டுக்கு வந்தபின் அதை நான் பலர் முன்னால் சொன்னது அன்றுதான். தாளை விரித்துக் கணக்கை வாசிக்கத் தொடங்கினேன். தலைமைப் பொறியியலாளர் கல்குலேட்டரைத் தட்டினார், மறுபடி தட்டினார், பிறகு வழக்கறிஞரின் காதில் ஏதோ சொன்னார். யாரும் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

அனுமதி மறுக்கப்பட்டது. வேலையும் அதோடு போயிற்று. தெரிந்திருந்தும், ஒரு மாதம்வரை தொலைபேசி அடித்தால் நான்தான் முதலில் ஓடினேன்.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை மனைவி கத்திக் கூப்பிட்டாள். அரைநாள் வேலை முடிந்து வந்திருந்த நான், லேபல் பசை கழுவாத கையோடு ஓடைக்குப் போனேன். உடம்புக்குள்ளால் அடிமணல் தெரிய, நூற்றுக்கணக்கில் சின்ன மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் எனக்கு வராமற்போன சம்பளத்தில் ஒரு துண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மனைவி அதைக் காணாததுபோல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அத்தனை மீனில் ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.