பூட்டில்லாத ஆறு இழுப்பறைகள்

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டபோது இரண்டு முறை மறுத்தேன். எனக்கு எழுத வராது என்றேன். அது பொய். பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து நாள் முழுக்க எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த ஆயுத பூஜை நாளைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்பதுதான் உண்மையான காரணம்.

அந்த நாளைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். அண்ணன் வண்டியின் சாமான் பூட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார், அதனால் ஐஸ் கம்பெனியில் சவரிமுத்து அவர்களின் வலது கை போயிற்று என்ற கதை. துக்கத்துக்கு வந்த இடத்தில்கூட இரண்டு பேர் அதைப் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அந்தக் கதை தவறு. அதைத் திருத்த எனக்கு இதைவிட்டால் வேறு இடம் கிடைக்காது என்றுதான் கடைசியில் ஒப்புக்கொண்டேன்.

அண்ணன் பிறந்தது கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரை வீட்டில். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். எங்களுக்கென்று கையகலம் மண் கிடையாது. அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அடுத்த வருடமே அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாமல்லபுரத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தார். என்னையும் அங்கேயே கூட்டி வந்து பள்ளியில் போட்டார். காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அவர் வைக்கும் ரசத்தை ஒருமுறை குடித்தவர்கள் அதன்பிறகு என்னைப் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் பன்னிரண்டாவதும் டைப்ரைட்டிங்கும் நான் முடித்தது அந்த ரசத்தில்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் பழைய டெம்போ ஒன்றை வாங்கிச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். கடற்கரைச் சாலை நெடுக வேலை இருந்தது. தண்ணீர் மோட்டார், படகு எஞ்சின், சிற்பக்கூடங்களில் கல் அறுக்கும் மிஷின், மீனுக்கு ஐஸ் உடைக்கும் மிஷின் எல்லாம் பார்ப்பார். சாமான்கள் மட்டும் கோணி மூட்டைக்குள் கிடக்கும். ஒரு ஸ்பானர் வேண்டுமென்றால் மூட்டையையே தரையில் கொட்டித் தேட வேண்டும். "அண்ணாத்த, நீ மூட்டைய அவுத்து முடிக்கறதுக்குள்ள நான் கடலுக்குப் போய் வலை போட்டுட்டே வந்துருவேன்" என்று ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த தேசிங்கு கிண்டல் செய்வான்.

அந்தக் கிண்டல் அண்ணனுக்கு உறைத்துவிட்டது. செங்கல்பட்டில் ஒரு காயலான் கடைக்குப் போய், ஆபீஸ் ஏலத்தில் கழித்துப்போட்ட இரும்பு பைல் அலமாரிகள் இரண்டை ஏற்றி வந்தார். அவற்றில் நல்ல இழுப்பறைகளாக ஆறைக் கழற்றி எடுத்து, ஆங்கிள் இரும்பில் ஒரு கூடு செய்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினார். கனமான சாமான் எல்லாம் கீழே, சில்லறைச் சாமான் மேலே. வண்டி குலுங்கினாலும் சத்தம் வராமலிருக்க உள்ளே டயர் ட்யூபை வெட்டி விரித்தார். ஒவ்வொரு சாமானையும் அதன் இடத்தில் வைத்து, சுற்றிலும் சிவப்பு பெயின்டால் கோடு போட்டார். எது இல்லையென்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வண்டி கிளம்பும் வரைக்கும். முதல் நாள் திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு வளைவில் ஆறு இழுப்பறைகளும் ஒன்றாக வெளியே வந்துவிட்டன. நான் ரோட்டில் பின்னாலேயே நடந்துபோய் ஸ்பானர்களைத் தாவணியில் பொறுக்கினேன். பஸ்ஸில் போனவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம்.

அடுத்த வாரம் அண்ணன் ஒவ்வொரு இழுப்பறையின் முகப்பிலும் ஒரு வளையம் பற்றவைத்து, ஆறு வளையத்துக்குள்ளும் மேலிருந்து கீழாக ஒரே கம்பியை இறக்கினார். கம்பியின் அடியில் ஒரு பூட்டு. கம்பி இறங்கும்போது ஒவ்வொரு வளையத்திலும் இடித்து ஆறு முறை 'டங்' என்று கேட்கும். அண்ணனுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

"ஆறு ட்ராயர், ஒரே சாவி. எப்டி கீது பாப்பா?"

"சாவி தொலைஞ்சா?" என்றேன்.

"உன் வாய்ல நல்லதே வராதா?" என்று தலையில் குட்டினார்.

அந்த வருட ஆயுத பூஜையன்று காலையில் அண்ணன் வண்டியைக் கழுவி, சாமான்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கம்பியை இறக்கிப் பூட்டினார். சாவியைத் தாம்பாளத்தில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் தொட வேண்டும் என்பது நம் வழக்கம். அன்று சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அண்ணி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். வருகிறவர்களுக்கு இனிப்பு வாங்க அண்ணன் பஸ்ஸில் கடைத்தெருவுக்குப் போனார். வண்டியும் பூஜையில் இருந்தது அல்லவா. வீட்டில் நான் மட்டும்.

பதினோரு மணி இருக்கும். தேசிங்கு மொபெட்டை வாசலில் அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணாத்த கீறாரா? ஐஸ் மிஷின்ல சவரி கை மாட்டிக்கிச்சு. பக்கத் தகட்டக் கழட்டணும். எங்க கைல இருக்கற எந்த ஸ்பானரும் அதுக்குச் சேரல."

"அண்ணன் இல்ல. கடைக்குப் போயிருக்காரு."

"சாவியையாவது குடும்மா. நாங்களே கழட்டிக்கறோம்."

எனக்குப் பின்னால் பத்தடி தள்ளித் தாம்பாளம் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சாவி தெரிந்தது.

"சாவி அண்ணன்கிட்ட இருக்கு" என்றேன்.

"பூட்ட ஒடைச்சுரட்டா?"

"பூஜை போட்ட வண்டிண்ணா" என்றேன்.

அவன் வண்டியைப் பார்த்தான். பூட்டின் மேல் குங்குமம், கம்பியில் மாலை. பூட்டை உடைக்க எடுத்த கல்லைக் கீழே போட்டுவிட்டு மொபெட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணனைத் தேடிப் போனான்.

அவன் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று இல்லை. நன்றாகப் புரிந்தது. அதற்கு முன் என்னைப் பார்த்துவிட்டுப் போன இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பூஜையில் வைத்ததை எடுத்தால் இதுவும் தட்டிப்போகும் என்று பயந்தேன். வேறு யாராவது எப்படியாவது அவர் கையை வெளியே எடுத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான். இதற்கு மேல் என்னிடம் ஒரு நியாயமும் இல்லை.

அண்ணன் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வழியில் தேசிங்கு, "சாவி உங்கைல கீதுன்னு தங்கச்சி சொல்லிச்சு" என்று சொல்லியிருக்கிறான். அண்ணன் வீட்டுக்குள் வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வெளியே தேசிங்கு பார்க்க, அதைப் பையிலிருந்து எடுத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தகட்டைக் கழற்ற அண்ணனுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையாம். மணிக்கட்டோடு கையை எடுக்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஐஸ் கம்பெனி வாசலில் கூடியவர்கள் அண்ணனை நிற்க வைத்துக் கேட்டார்கள். "ஆமா. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. தப்பு என்னுதுதான்" என்றார் அண்ணன்.

ஒரு வருடத்துக்கு மேல் கரையோரத்தில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. என்னைப் பெண் பார்க்க மறுவாரம் வந்தார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்லவர். சிங்கப்பெருமாள் கோயிலில் குடியேறினேன். எதுவும் தட்டிப்போகவில்லை.

பூஜைக்கு மறுநாளே அண்ணன் அந்தக் கம்பியை அறுத்துப் போட்டார். பிறகு ஆறு இழுப்பறைகளையும் வெளியே எடுத்து, கூட்டையே மாற்றிக் கட்டினார். பூட்டுக்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் தூக்கி இழுக்கும் கொக்கி. எல்லாக் கொக்கியும் இடது பக்கம். கைப்பிடிகளைப் பெரிய வளையமாக வளைத்தார். ஏன் எல்லாம் இடது பக்கம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. புண் ஆறியதும் சவரிமுத்து அவர்களின் வீட்டுக்குப் போய் வேலைக்குக் கூப்பிட்டார். அவர் முதலில் முகம் கொடுக்கவில்லை. நாலாவது முறை போனபோது வந்து வண்டியில் ஏறினார். அதற்குப் பிறகு கடைசி வரை இருவரும் ஒரே வண்டியில்தான். சாமான் இரண்டு மூன்று முறை திருடு போனது. அண்ணன் புதிதாக வாங்கி வைத்தாரே தவிர, பூட்டு மட்டும் போடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜையிலும் ஆறையும் திறந்துவைத்துத்தான் கற்பூரம் காட்டுவார். அது அணைவதற்குள் சவரிமுத்து அவர்கள் ஒரு ஸ்பானரை எடுத்து வண்டியில் ஏதாவது ஒரு நட்டை முடுக்க வேண்டும். இது என்ன புது வழக்கம் என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

நான் அந்தப் பூஜைக்குப் போனதே இல்லை. என் வீட்டிலும் தாம்பாளத்தில் சாவி வைக்க விடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் பியூன் கேட்டில் இரும்புத் தாழ்ப்பாளை இறக்கும்போது ஒரு சத்தம்தான் வரும். நான் மீதி ஐந்துக்காகக் காத்திருப்பேன். வாசலில் மொபெட் வந்து நின்றால் கணவர்தான் கதவைத் திறக்க வேண்டும். பத்து வருடமாகத் தேசிங்கு என் வாசலில் நின்று, சாவியையாவது குடும்மா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

போன வருடம் இருதயக் கோளாறால் அண்ணன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கடைசியாக ஒருமுறை வாயைத் திறந்தேன்.

"ணா, அந்தச் சாவி..."

"இன்னா சாவி? பூட்டே இல்லாத வண்டிக்கு இன்னா சாவி?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, சொல்லக்கூட விடாமல் போய்விட்டார். அதில் எனக்கு இன்னும் அவர் மேல் கோபம் உண்டு.

ஆஸ்பத்திரியில் பத்து நாளும் மாறி மாறிக் கூட இருந்த உறவுகளுக்கும், கரையோர நண்பர்களுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தேசிங்குவுக்கும், அண்ணிக்கும் பிள்ளைக்கும் துணை நிற்கும் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சவரி அண்ணா, மலரின் முதல் பிரதியை உங்களிடம்தான் தரச் சொல்லியிருக்கிறேன். இதை நீங்கள் இடது கையில் பிடித்துக்கொண்டுதான் படிப்பீர்கள். அன்று சாவி எங்கள் அண்ணனிடம் இல்லை. என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மறுநாள் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் குங்குமத்தோடு கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த வருடப் பூஜைக்கு அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். வண்டிக்குப் பக்கத்தில் என்னை நிற்க விடுவதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.